மூளையதிர்வும் இளைப்பாறலும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டிற் சிறுவரும் அறிந்த பழமொழி. அச்சிரசில் அடிபட்டவர் எவ்வாறு நலம் பெறுவது என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகின்றோம். கட்டைக் கண்டவர் யாவரும் வழிவிட்டு ஒதுங்குகின்றனர். மூளை அதிர்ந்தவனுக்கோ கட்டுமில்லை, காயமுமில்லை. ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. ஆதலின் ஒரு சாரார் அவனை நோயாளியே அல்லன் என்று ஆடுகளத்திற்கு அனுப்புகின்றனர். மற்றொரு சாரார் இருட்டறையிற் கிடத்திக் கதவை அடைத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதைச் சென்ற ஆண்டு என் தலையே எனக்குக் கற்பித்தது. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவம் பயில்பவன் அல்லேன், தமிழ் பயில்பவன். ஆயினும் மருத்துவர் கூறியவற்றையும் அதன்பின் படித்தறிந்தவற்றையும் கூட்டாமற் குறைக்காமற் கூற முயல்கின்றேன்.

யான் பேச்சிப்பாறையிற் பிறந்தவன். சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்த கால்பந்தாட்டமொன்றில், உயர வந்த பந்தைத் தலையால் முட்ட யானும் எதிர்க்கட்சியார் ஒருவரும் ஒருங்கே எழும்பினோம். பந்து தப்பிற்று, தலைகள் மோதின. நினைவு தப்பவில்லை. முகத்தில் நீர் தெளித்துக்கொண்டு எஞ்சிய இருபது நிமிடமும் ஆடினேன். எங்கள் கட்சி வென்றது. வெற்றிப் பந்தை வலைக்குள் அடித்தவர் யார் என்பது இன்றும் எனக்கு நினைவில்லை; அஃது யானே என்று நண்பர்கள் கூறுகின்றனர்!

அன்று மாலை குலசேகரம் வழியாக ஊர் திரும்பும் பேருந்தில் இருமுறை வாந்தியெடுத்தேன். மறுநாள் எடுத்த படத்தில் இரத்தக்கசிவு இல்லை என்றனர். அவ்வளவில் வீட்டார் மனம் ஆறிற்று. என் பாட்டியார் சன்னல்களுக்குப் பழைய சேலைகளைக் கட்டி அறையை இருளாக்கினார். எட்டு நாள் எழக்கூடாது என்று கட்டளையும் இட்டார். அவ்விருளில் எனக்குத் துணையாக இருந்தது கைப்பேசி ஒன்றே. ஒளியை விலக்கக் கட்டிய திரைக்குள்ளே ஒளியைக் கண்ணெதிரே ஏந்திக் கிடந்த பேதைமையை இப்பொழுது எண்ணினால் நகைப்புண்டாகின்றது. எட்டாம் நாள் எழுந்தபோது தலைநோவு குறையவில்லை, கால் தள்ளாடிற்று, காரணமின்றிச் சினம் பிறந்தது, இரவில் உறக்கமில்லை. ஆனர்ஸ் தேர்விற்கு ஏழு வாரமே இருந்தது. நன்னூலில் ஒரு பக்கம் படித்தால் எழுத்துக்கள் நீந்தின. இனிப் படிப்பே கைகூடாது போலும் என்று அஞ்சி அன்றிரவு அழுதேன் என்பதை மறைப்பானேன்?

நிற்க. மூளையதிர்வு என்பது யாது? ஆங்கிலத்திற் கன்கஷன் எனப்படும் இது, மண்டையோட்டினுள் நீரில் மிதந்துகொண்டிருக்கும் சற்றொப்ப 1,400 கிராம் எடையுள்ள மூளை, வேகத்தால் உலுக்குண்பதனால் நேர்வது. தலையில் நேரே அடிபட வேண்டுவதில்லை. உடம்பு வேகமாகக் குலுங்கினும் அமையும். நினைவிழத்தலும் இன்றியமையாததன்று, மூளையதிர்வுற்றார் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. உலுக்கலால் நரம்பிழைகள் இழுபட, உயிரணுக்களின் உள்ளிருந்த பொட்டாசியம் வெளியேறுகின்றது; வெளியிருந்த கால்சியம் உள்ளே புகுகின்றது. அவற்றை மீண்டும் தத்தம் இடத்திற் சேர்ப்பதற்கு மூளைக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆனால் அப்பொழுதே மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைகின்றது. செலவு மிக, வரவு குறைந்த குடும்பத்தின் நிலை அது. இக்குறை செயலில் உள்ளதேயன்றி உருவில் உள்ளதன்று. படத்திற் காணப்படாமையின் காரணம் இதுவே. தலைநோவு, கிறுகிறுப்பு, குமட்டல், ஒளியும் ஒலியும் பொறாமை, எண்ணம் மந்தித்தல், உறக்கக் கேடு, எரிச்சல் என்பன இதன் குறிகள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தலைநோவு மேன்மேலும் மிகுதல், வாந்தி விடாது தொடர்தல், வலிப்பு, கண்மணிகளில் ஒன்று பெரிதாதல், கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், எழுப்பினும் எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அது வெறும் மூளையதிர்வன்று எனக் கொண்டு அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க. 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பார்படோசில் இந்தியக் கிரிக்கெட் தலைவர் நாரி காண்ட்ராக்டர் தலையிற் பந்து பட்டு வீழ்ந்தபோது நேர்ந்தது மண்டையோட்டு முறிவு. அறுவை செய்து உயிர் காத்தனர். ஆயினும் அவர் அதன்பின் டெஸ்ட் ஆட்டம் ஆடவில்லை. யான் இங்குப் பேசப்போவது அத்தகைய காயத்தைப் பற்றியதன்று. மருத்துவர் பார்த்து, இரத்தக்கசிவு இல்லையென உறுதி செய்து, வீட்டிற்கு அனுப்பிய பின் வரும் நாட்களைப் பற்றியதே.

மூளையதிர்வின் குறிகள் காலந்தாழ்த்தும் வரும் என்பதை நம்மவர் நன்கறிதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இலண்டன் லார்ட்சு மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 80 ஓட்டம் எடுத்திருந்தபோது ஆர்ச்சர் வீசிய பந்து அவர் கழுத்தருகே தாக்கிற்று. அவர் வெளியேறிச் சிறிது நேரத்தில் மீண்டு வந்து 92 வரை ஆடினார். மறுநாட் காலையிலேயே தலைநோவும் மந்தமும் தோன்றின. அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் மூளையதிர்வுக்கெனப் பதிலாள் இறங்கியது அதுவே முதன்முறை. அடுத்த டெஸ்டையும் விட்டு, செப்டம்பர் 4ஆம் நாள் தொடங்கிய ஆட்டத்தில் மீண்ட ஸ்மித் 211 ஓட்டம் குவித்தார். நம் நாட்டு ஜடேஜாவும் 2020 டிசம்பர் 4ஆம் நாள் கான்பெராவில் ஸ்டார்க்கின் பந்து தலைக்கவசத்திற் பட்டபின்னும் அவ்வோவர் முடியுமட்டும் நின்றாடி 44 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் வந்தார். தலைசுற்றல் பின்னரே அறியப்பட்டது. அவருக்கு மாற்றாக வந்த சாகல் 3 விக்கெட் வீழ்த்தினார். (அதே ஆட்டத்திற்றான் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசன் இருபது ஓவர் ஆட்டத்தில் முதன்முதல் இந்தியாவிற்காக இறங்கி அவரும் 3 விக்கெட் எடுத்தார் என்பதை விளையாட்டன்பர் மறவார்.) தண்ணீர் தெளித்துக்கொண்டு இருபது நிமிடம் ஆடியவனாகிய யான் இவற்றை முன்னரே கேட்டிருந்தும் பொருட்படுத்தவில்லை. முதலடி ஆறுமுன் இரண்டாம் அடி படின், அரிதாகவேனும், மூளை வீங்கி இளைஞர் உயிரிழத்தலும் உண்டு என்று பின்னர் மருத்துவர் கூறியபோது என் கை குளிர்ந்தது.

இனி ஓய்வைப் பற்றிக் காண்போம். நெடுங்காலமாக மருத்துவருங்கூட, குறிகள் முற்றும் நீங்குமளவும் படுத்திருக்கவே விதித்தனர். அக்கருத்து அண்மையில் மாறிற்று. 2015ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 11 முதல் 22 வரை வயதுடைய இளைஞருள் ஒரு பகுதியினரை ஐந்து நாள் கடுமையான ஓய்விலும், ஏனையோரை ஓரிரு நாள் ஓய்வின்பின் படிப்படியாக வழக்கத்திற்குத் திரும்பவும் வைத்தனர். ஐந்து நாள் கிடந்தவரே மிகுதியான குறிகளைக் கூறினர். 2019இல் பஃபலோ பல்கலைக்கழகத்து ஜான் லெடியும் அவர்தம் துணைவரும், விளையாட்டில் அடிபட்ட 103 இளைஞரை ஆராய்ந்தனர். அடிபட்டு பத்து நாளுக்குள் அளவான நடை, மிதிவண்டி முதலிய பயிற்சி செய்தவர் நடுத்தரமாக 13 நாளிலும், உறுப்புக்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர் 17 நாளிலும் தேறினர். 2022இல் ஆம்ஸ்டர்டாமிற் கூடிய உலக வல்லுநர் அவையும், முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதன்பின் மெல்லிய நடை என்றே முடிவு செய்தது. ஓரளவு ஓய்வு என்பது வீட்டினுள் நடமாடுதல், உண்ணுதல், பேசுதல் ஆகியவற்றை விலக்குவதன்று. கைப்பேசியை மட்டும் அந்நாற்பத்தெட்டு மணியும் விலக்குதல் நன்று. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 12 முதல் 25 வயதினர் 125 பேருள், திரையை விலக்கியவர் 3.5 நாளிலும் விலக்காதவர் 8 நாளிலும் தேறினர் என்று கண்டனர். என் பாட்டியார் திரை கட்டியதில் பாதி உண்மை இருந்தது; அவர் கட்டவேண்டிய திரை சன்னலுக்கன்று!

அடிபட்டவனை உறங்கவிடலாகாது என்ற நம்பிக்கையும் நம் ஊர்களில் உண்டு. மருத்துவர் பார்த்து அபாயமில்லையெனக் கூறியபின் உறங்குதல் தீதன்று. உறக்கமே மூளைக்கு உற்ற மருந்து.

ஒன்பதாம் நாள் ஒரு மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். எவ்வளவு நடப்பது என்பதற்கு அவர் கூறிய கணக்கு எளிது. கணிதத்தில் என்னைப்போன்ற தமிழ் மாணவனும் போடத்தக்கது. 220இலிருந்து வயதைக் கழிக்க, இதயம் ஒரு நிமிடத்திற் துடிக்கும் உச்ச அளவு ஏறத்தாழக் கிடைக்கும். பத்தொன்பது வயதினனுக்கு அது 201. முதலில் அதன் நூற்றுக்கு 55 பங்கு, அதாவது 110 துடிப்பளவில் நடத்தல் வேண்டும். அது பொறுத்தபின் நூற்றுக்கு 70 பங்கு, அதாவது 140 வரை உயரலாம். மணிக்கட்டில் நாடியைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குக. 27 அல்லது 28 எண்ணினால் முதற்படி. 35 எண்ணினால் இரண்டாம் படியின் எல்லை.

நாடியினும் நம்பத்தக்கது தலையின் சொல். நடக்குமுன் தலைநோவுக்குச் சுழி முதல் பத்து வரை ஓர் எண் கொடுத்துக்கொள்க. நடக்கும்போது அவ்வெண் இரண்டிற்கு மேல் ஏறாமலும், ஏறியது ஒரு மணி நேரத்திற்குள் தணிந்தும் வருமாயின் அஞ்ச வேண்டா. அதற்குமேல் ஏறின், அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் சற்றுக் குறைவாகத் தொடங்குக. சிறிதும் நோவே கூடாது என்று நிற்பவன் நடக்கவே மாட்டான். நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு வெல்வேன் என்பவன் மறுநாள் படுக்கையிற் கிடப்பான். பந்தாட்டத்திற் பழகிய எனக்கு இவ்விரண்டாம் குணத்தை அடக்குவதே பெரும்பாடாயிற்று.

முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து கோவில் வரையும் மீண்டும், பத்து நிமிடம் நடந்தேன். பேச்சிப்பாறையில் சமவழி காண்டல் அரிது. ஏற்றமில்லாத வழி எதுவென்று அதுவரை யான் கருதிப் பார்த்ததேயில்லை. கால்வாய்க் கரையே அதற்கு ஏற்றதென்று கண்டேன். நீர் செல்லும் வழி ஆதலின் அது மேடேறாது, இருமருங்கும் நிழலுண்டு, வண்டி மிகக் குறைவு. நான்காம் நாளில் இருபது நிமிடம். ஏழாம் நாளில் அணைக்குச் செல்லும் சாலை ஏற்றத்தின் அடி வரை. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அவ்வணையைத் திருவிதாங்கூர் மூலந்திருநாள் மகாராசா காலத்திற் கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையை எம்மூரார் மூக்கன் துரை என்பர். அவர் கல்லறை அணைக்கருகே உளது. அங்குச் செல்வதை என் எல்லைக் குறியாக வைத்துக்கொண்டேன். இரண்டு முறை பாதியில் திரும்பினேன். பதினோராம் நாள் சென்றடைந்து, கல்லறையருகே அமர்ந்து நாடி எண்ணினேன்: முப்பத்திரண்டு. தலைநோவு இரண்டு. வெயில் கண்ணிற் குத்தவில்லை என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

நடையிற் கண்ட வேறு சில: குனிந்து நிமிர்தல் கிறுகிறுப்பைத் தரும். எம் அயலார் ஒருவர் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர். மழை நாளிற் பாறையில் வழுக்கித் தலையிடித்துக்கொண்டவர். மூன்றாம் நாளே கத்தியை எடுத்துச் சென்றார். விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்திற்கு மரம் நடந்து, ஒவ்வொரு சிரட்டைக்கும் குனிந்து நிமிரும் வேலை அது. அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை யான் கண்டேன். நாட்கூலிக்காரருக்கு ஓய்வெடுக்கக் கூறுவது எளிதன்று. அவர்க்குப் பால்வெட்டைச் சில நாள் வேறொருவர் ஏற்க, பாலை உறையவைக்கும் கொட்டகையில் நின்று செய்யும் வேலையைக் கொடுத்தனர். அதுவும் ஒரு மருத்துவமே. திற்பரப்பு அருவியிற் தலை கொடுத்து நின்றால் தலைப்பாரம் இறங்கும் என்று எனக்குச் சிலர் கூறினர். வழுக்குப் பாறையும், கழுத்தில் விழும் நீரின் விசையும், தள்ளாடுவோனுக்கு ஆகா. சிரசாசனமும், மூச்சை அடக்கும் பயிற்சியும், எடை தூக்கலும் அவ்வாறே விலக்கத்தக்கன.

இவ்விடத்தில் தமிழ் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். ஓய்வு என்பதும் இளைப்பாறல் என்பதும் ஒன்றெனவே வழங்குகின்றோம். ஓய்தல் என்பது செயல் ஒழிதல். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்கின்றோம். இளைப்பாறல் என்பதோ இளைப்பு ஆறுதல். இளைப்பதற்கு முன்பு ஒரு செயல் வேண்டும். நடவாதவன் ஓயலாம், இளைப்பாற இயலாது. நம் மாவட்டத்துப் பழஞ்சாலைகளிற் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். சுமையை இறக்கி வைத்தவன் அங்கேயே குடியிருப்பதில்லை. மூச்சு ஆறியதும் தூக்கிக்கொண்டு நடப்பான். எட்டு நாளும் இருட்டறையில் யான் பெற்றது ஓய்வு. கால்வாய்க் கரையிற் பெற்றதே இளைப்பாறல்.

நடந்தபின் இளைப்பாறுதற்கும் முறையுண்டு. மல்லாந்து படுத்து, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிடுக. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்திற்கு ஆறு மூச்சாகும். இடையே மூச்சை அடக்கலாகாது. பின்னர்க் கால்விரல் தொடங்கி ஒவ்வொரு தசையையும் ஐந்து நொடி இறுக்கித் தளர்த்துக. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது. இறுகியது எதுவென்று அறியாதவன் தளர்த்தவும் அறியான் என்பதே அதன் அடிப்படை. கழுத்தும் தாடையும் நோவுடையவர் அவற்றை இறுக்காது விடுக. நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம் போதும். எனக்கு இரண்டாம் வாரத்தில் உறக்கம் வந்தது இதனாலேயே என்று எண்ணுகின்றேன்; நடையின் பயனும் அதில் இருக்கலாம்.

எம்மூர்ப் பக்கம் தலையடி என்றதும் வர்ம ஆசானை நாடுவது வழக்கம். அடிமுறை கற்பித்த ஆசானே அடியின் கேட்டை நீக்கும் இளக்குமுறையையும் கற்பித்தமையால், தாக்குதலும் ஆற்றுதலும் ஒரே மரபில் வளர்ந்தன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை அம்மரபு எண்ணுகின்றது. அவற்றுள் 25 தலையிலும் கழுத்திலும் உள்ளன என்ப. தலையை இத்துணை நுணுகி நோக்கிய மரபு வேறொன்று இருப்பது அரிது. என்னையும் ஓர் ஆசானிடம் அழைத்துச் சென்றனர். தடவி விடுவார் என்று வீட்டார் எதிர்பார்த்தனர். அவரோ என் கண்ணையும் நாடியையும் பார்த்துவிட்டு, “புது அடியாக்கும் மக்களே, தலையில இப்ப நான் கை வைக்க மாட்டேன். டாக்டர் சொன்னத கேளு” என்றார். மதிப்பிற்குரிய அறிவு தன் எல்லையையும் அறிந்திருந்தது. தலையடி பட்ட நாட்களில் தலையையும் கழுத்தையும் வலிந்து பிடித்துவிடுவோரைக் காணின் அவ்வாசானை நினைக.

படிப்பும் பயிற்சியைப் போன்றதே. ஆட்டத்திற்கு முன் படிப்புத் திரும்பல் வேண்டும். யான் முதலில் பதினைந்து நிமிடம் படித்துப் பத்து நிமிடம் நிறுத்தினேன். கைப்பேசியில் அன்று, அச்சிட்ட நூலில். தலையெண் ஏறாதபோது ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டினேன். வகுப்பிற்கு அரைநாள் வந்தேன். ஆசிரியர்கள் பின்வரிசையில், சன்னலுக்கு முதுகு காட்டி அமர விட்டனர். நண்பர்க்கு ஒரு வேண்டுகோள்: இத்தகையவனை மந்தன் என்றோ நடிக்கின்றான் என்றோ எண்ணாதீர். கேட்ட வினாவிற்கு விடை அவனிடத்தில் உண்டு. வருவதற்குச் சிறிது நேரம் ஆகின்றது, அவ்வளவே.

ஆட்டத்திற்குத் திரும்புவதில் ஆறு படி வகுத்துள்ளனர். அன்றாடச் செயல், மேற்கூறிய நடை, தனியே ஓடிப் பந்தை உதைத்தல் ஆகியவை முதல் மூன்று. பிறரோடு மோதலில்லாத பயிற்சி, மோதலுள்ள பயிற்சி, ஆட்டம் ஆகியவை பின் மூன்று. படி ஒவ்வொன்றிற்கும் ஒரு நாளேனும் வேண்டும். நான்காம் படிக்குமுன் குறிகள் முற்றும் நீங்கியிருத்தலும் மருத்துவர் ஒப்புதலும் இன்றியமையாதன. வளர்ந்தோர் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறுவர். நான்கு வாரம் கடந்தும் குறிகள் நீடிப்பின் மீண்டும் மருத்துவரைக் காண்க.

எனக்கு ஐந்து வாரம் சென்றது. அதற்குள் இறுதியாட்டம் வந்தது. மூன்றாம் படியில் நின்ற யான் அன்று கோட்டிற்கு வெளியே குடிநீர்க் குடத்தோடு அமர்ந்திருந்தேன். எங்கள் கட்சி ஒரு பந்தில் தோற்றது. தேர்வு எழுதினேன், நன்னூல் வினாவிற்கு நேரம் போதாமற் கடைசிப் பகுதியை மட்டும் விட்டேன். விடுமுறையில் ஊர் சென்றால் இன்றும் மாலையிற் கால்வாய்க் கரையிலேயே நடக்கின்றேன். நாடி எண்ணும் பழக்கம் மட்டும் விட்டுப்போயிற்று.